ரப்பீஸ் மலையில் நீலாயதாட்சி

காரைக்கால் பக்கத்து ஜனங்களுக்கு மேடு என்றால் வரப்பு, மலை என்றால் பழனி. நடுவில் வேறொன்றும் கிடையாது. வாய்க்கால் கரையில் ஏறி நின்றால் அடுத்த ஊர் கோபுரம் தெரிகிற தட்டை பூமி. அப்பேர்ப்பட்ட இடத்தில், அரசலாறு கடலுக்குப் போகிற வழியில், ஒரு மலை வந்து நின்றது. தானாக வருமா? கொட்டினார்கள். புயலில் சாய்ந்த சுவர், பழசாகி விழுந்த வீடு, ரோட்டை அகலமாக்க இடித்த கடை எல்லாம் டிராக்டர் டிராக்டராக வந்து விழுந்து மூன்று மாடி உயரத்துக்கு எழும்பிவிட்டது. இடிச்ச கட்டடத்துக் குப்பைக்குக் கொத்தனார்கள் சொல்கிற பேர் ரப்பீஸ். அதன் மேல் செம்மண் போட்டு, புல் வைத்து, படி கட்டி, உச்சியில் கம்பி வேலியும் சிமெண்டு பெஞ்சும் போட்டு, கீழே ‘காட்சி மேடு’ என்று பலகை மாட்டினார்கள். பலகையை யார் படித்தார்கள்? ஊருக்கு அது ரப்பீஸ் மலைதான்.

மலை என்று ஒன்று வந்தபிறகு நம்மவர்கள் சும்மா விடுவார்களா? திறந்த அந்த வாரமே உச்சியில் யாரோ ஒரு செங்கல்லுக்கு மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, பக்கத்தில் ஒரு வேலை நட்டுவிட்டுப் போனார்கள். காவலாள் எடுத்துப் போட்டால், மறுநாள் கொஞ்சம் பெரிய வேலாக நிற்கும். ஒரு மூச்சில் ஏறிவிடக்கூடிய மேட்டுக்குப் புளிசோறும் தண்ணிக் கேனும் கட்டிக்கொண்டு குடும்பம் குடும்பமாக வந்தார்கள். மேலே போய்க் கடலைப் பார்த்தவர்கள் குறைவு. “அதோ நம்ம வீட்டு மொட்டை மாடி, எவன்டா அது நம்ம கொடியில துணி காயப் போட்டிருக்கிறது?” என்று அங்கிருந்தே போன் பண்ணியவர்கள்தான் ஜாஸ்தி.

ஊரே ஏறியும் ஏறாத ஒருத்தி கோட்டுச்சேரி நீலாயதாட்சி. “குப்பையில ஏறி நின்னு ஊரைப் பார்க்கணுமா? எனக்கு ஊர் கீழயே நல்லாத்தான் தெரியுது” என்று சொல்லிவிட்டாள். அவள் ஒன்று சொன்னால் சொன்னதுதான். ஆனால் அந்தச் சொல்லுக்குள் ஒரு சந்து இருக்கும். அந்தச் சந்து தெரியாமல் அவளைப் பற்றிப் பேசிப் பிரயோஜனமில்லை.

நீலாயதாட்சி பிறந்தது திருமலைராயன்பட்டினத்தில். அவளுடைய அம்மாவுக்கு நாகப்பட்டினம். முதல் இரண்டு பிள்ளையும் தங்காமல், நாகை அம்மன் சன்னதியில் அழுது வேண்டிப் பெற்றவள் என்பதால் அம்மன் பேரையே வைத்தார்கள். அம்மன் பேரோடு அம்மன் கோபமும் வந்துவிட்டது. அவளுக்கு அடுத்துப் பஞ்சநாதன், ஒரே தம்பி. தம்பி நடக்கப் பழகியதே அக்காள் பாவாடையைப் பிடித்துத்தான். கோட்டுச்சேரிக்கு வாழ்க்கைப்பட்டாள், புருஷன் சிவநாதன் மின்சாரத் துறையில் லைன்மேன், போன வருஷம் ஓய்வு பெற்றார். எவ்வளவு உயரக் கம்பத்திலும் ஏறக்கூடிய மனுஷர். பெண்டாட்டி முன்னால் மட்டும் அவர் குரல் ஏறாது.

நீலாயதாட்சிக்குச் சத்தியம் பண்ணுவது மூச்சு விடுகிற மாதிரி. பண்ணின சத்தியத்தை ஒருநாளும் மீறினதில்லை என்பதில் அவளுக்குப் பெருமை வேறு. எப்படி மீறாமல் இருந்தாள் என்பதுதான் விஷயம். மீன்கார அல்லியோடு ஒருதரம் வஞ்சிரத்துக்காகச் சண்டை. “உன் கூடையிலேர்ந்து இனி என் கையால ஒரு மீன் எடுக்க மாட்டேன்!” என்றாள். நாலு நாள் ரசம். ஐந்தாம் நாள் சிவநாதனைக் கூப்பிட்டு, “என் கையாலதான் எடுக்க மாட்டேன்னேன், நீங்க எடுங்க” என்று பக்கத்தில் நின்று ஒவ்வொரு மீனாகக் கண்ணால் காட்டினாள். நெடுங்காட்டு நாத்தனார் வீட்டில் “உங்க வீட்டுத் தண்ணி குடிக்க மாட்டேன்” என்று சபதம் போட்டாள்; அதே நாத்தனார் மகள் வளைகாப்பில் இரண்டு டம்ளர் காப்பி குடித்தாள். கேட்டதற்கு, “காப்பியைத் தண்ணின்னா சொல்றே? பாலு ஊத்தலியா நீ?” என்றாள்.

இப்படிப்பட்டவள் ஒரே ஒரு சத்தியத்தில் மட்டும் சந்து இல்லாமல் மாட்டிக்கொண்டாள்.

அவர்கள் அம்மா போனபிறகு பட்டினத்து வீடு பூட்டியே கிடந்தது. உத்திரம் உளுத்து, பின்கட்டுச் சுவர் மழையில் உட்கார்ந்துவிட்டது. இடித்துவிட்டு மனையை விற்பதென்று அக்காளும் தம்பியும் சேர்ந்துதான் பேசினார்கள். அதில் ஒரு மனஸ்தாபமும் இல்லை. என்றைக்கு இடிப்பது என்று மட்டும் பஞ்சநாதன் சொல்லவில்லை. ஒரு வெள்ளிக்கிழமை, இடிப்பதற்கு முன்னால் அடுப்படியில் ஒரு விளக்கேற்றிவிட்டு வரலாம் என்று எண்ணெயும் திரியுமாகப் பஸ்ஸில் போய் இறங்கினாள். அங்கே வீடு இல்லை. பின்தெரு வீட்டு மாடு வாசலிலிருந்தே தெரிந்தது.

இடிந்த குவியல் மேல் உட்கார்ந்திருந்த பஞ்சநாதன் வாயைத் திறப்பதற்குள் அவள் சொல்லிவிட்டாள்: “இனிமே உன்கிட்ட ஒரு வார்த்தை பேசினா, அது நம்ம அம்மா வீட்டு மண்ணுல நின்னுதான் பேசுவேன். இது அம்மா மேல சத்தியம்.”

மனையை வாங்கினவர் கோட்டை மாதிரி மதில் எழுப்பி இரண்டு நாயும் வளர்த்தார். மண் போயிற்று, பேச்சும் போயிற்று. நாலு வருஷம்.

பேச்சுதான் போயிற்றே தவிர ஏச்சு போகவில்லை. தினமும் காலையில் கொல்லையில் பாத்திரம் தேய்க்கும்போது, பட்டினம் இருக்கும் தெற்குத் திசையைப் பார்த்துத் தம்பியை ஒரு பாட்டம் திட்டிவிட்டுத்தான் மறுவேலை. “திசையைப் பார்த்துப் பேசுறது பேச்சாகாது” என்பாள்.

இப்போது மகள் உமாமகேஸ்வரிக்கு ஆவணியில் கல்யாணம். மாப்பிள்ளை மாயவரம். பத்திரிகை அடித்து வந்துவிட்டது. முதல் பத்திரிகை குலசாமிக்கு, இரண்டாவது தாய்மாமனுக்கு, அதற்கப்புறம்தான் மற்றவர்களுக்கு. தாய்மாமனுக்கு வைப்பதென்றால் தபாலிலோ போனிலோ ஆகாது. புருஷனை அனுப்பினாலும் செல்லாது. கூடப் பிறந்தவள் தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கு, பழம் வைத்துத் தன் கையால் கொடுத்து, “வந்து நடத்திக் குடு” என்று தன் வாயால் சொல்ல வேண்டும். அப்படிச் சொன்னால்தான் மாமன் வந்து பெண்ணுக்கு நெற்றிப் பட்டம் கட்டுவான்.

குலசாமிக்கு வைத்தாயிற்று. இரண்டாவது பத்திரிகை அலமாரியிலேயே கிடந்தது. அதைத் தாண்டி மூன்றாவதை யாருக்கும் வைக்க முடியவில்லை. சொந்தக்காரர்கள் எல்லாரும் “எங்களுக்கு இன்னும் வரலியே” என்று மூஞ்சியைத் தூக்க ஆரம்பித்தார்கள்.

“நீ பேசாட்டிப் போம்மா” என்றாள் உமாமகேஸ்வரி. “ஆனா மாமா பட்டம் கட்டாம நான் மணையில உட்கார மாட்டேன். இது சத்தியம்.”

நீலாயதாட்சி சிவநாதனைப் பார்த்தாள். “இந்தப் புத்தி இவளுக்கு எங்கேர்ந்து வந்துச்சு?”

சிவநாதன் உத்திரத்தைப் பார்த்தார்.

வழி சொன்னது எதிர்வீட்டு ழோர்ழ். பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து பென்ஷனோடு ஊர் திரும்பியவர். அந்தப் பேர் வாயில் நுழையாதவர்கள் ‘சொல்தா அண்ணன்’ என்பார்கள். பிரெஞ்சுப் பட்டாளத்துக்காரர்களுக்கு இந்த ஊரில் அதுதான் பேர். அவர் சம்சாரம் இவோன் சொல்வாள், “இவரு பிரான்ஸைவிட்டு வந்துட்டாரு, பிரான்ஸ்தான் இவரைவிட்டு வரமாட்டேங்குது” என்று. ஒரு நாள் காலை நீலாயதாட்சி கொல்லையில் நின்று தம்பிக்கு அர்ச்சனை பண்ணிக்கொண்டிருக்கையில், ழோர்ழ் முருங்கைக்கீரை கேட்டு வந்தார்.

“ஏம்மா நீலா, நீ இன்னும் அந்த மலைக்குப் போகலியா? ஜெர்மனியில நாங்க முகாம் போட்டிருந்த ஊர்ல இதே மாதிரி ஒண்ணு. சண்டையில இடிஞ்ச வீட்டையெல்லாம் குவிச்சு மலையாக்கி வச்சிருந்தான். மேல ஏறினா ஊரே தெரியும். தூணு, வாசக்கல்லு எல்லாம் அப்படியே கிடக்கும். ஞாயித்துக்கிழமை ஆனா சனம் போய்த் தன் வீட்டுக் கல்லு எதுன்னு தேடும். நம்ம ஊர்க்காரன் பார்த்தியா, சண்டையே போடாம மலையைக் கட்டிட்டான்!”

“சண்டை போடலைன்னு யாரு சொன்னா?” என்றாள் நீலாயதாட்சி, கீரையை ஒடித்துக்கொண்டே.

“அட, உங்கம்மா வீடு கூட அதுலதானே கிடக்கு? அந்த வீட்டை அள்ளின நவநீதனோட டிராக்டர் அங்க லோடு மேல லோடா அடிச்சதை நான் ரெண்டு கண்ணால பார்த்தேனே.”

கீரை ஒடித்த கை நின்றது. நீலாயதாட்சியின் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. காப்பி டம்ளரைக் கையில் வாங்கியபோது நெடுங்காட்டில் வந்த அதே வெளிச்சம்.

“அண்ணே, மண்ணு இடம் மாறினா வேற மண்ணு ஆயிடுமா?”

“அதெப்படி ஆகும்? நான் அம்பது வருஷம் பிரான்ஸ்ல இருந்தேன், வேற ஆளா ஆயிட்டேனா?”

“அது போதும்” என்றாள்.

மலை மேல் வைத்துத் தம்பிக்குப் பத்திரிகை கொடுப்பது, அடுத்த ஞாயிறு சாயங்காலம் என்று முடிவாயிற்று. மாமனுக்குச் சேதி சொல்லும் வேலை உமாமகேஸ்வரிக்கு. அவள் தினமும் மாமனோடு போனில் பேசுகிறவள்தான். அம்மாவுக்குத் தெரியாது என்று மகள் நினைத்துக்கொண்டிருந்தாள், தெரியாத மாதிரி அம்மா இருந்தாள். “மாமா வர்றேன்னுட்டாங்க, ஆனா சிரிச்சாங்கம்மா” என்று வந்து சொன்னாள். “சிரிப்பான், சிரிப்பான்” என்றாள் நீலாயதாட்சி. சிவநாதன் மட்டும், “மலைக்கெல்லாம் எதுக்கு? வேற வழி பார்க்கலாமே” என்று இழுத்தார். “கம்பத்துல ஏறினவருக்கு மேடு பயமா?” என்று கேட்டதும் அடங்கிவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை வேனிலிருந்து இறங்கியதும் நீலாயதாட்சி செருப்பைக் கழற்றிக் கீழேயே விட்டாள்.

“ஏம்மா, படி சுடும்” என்றாள் மகள்.

“எங்கம்மா வீட்டுக்குள்ள செருப்பு போட்டுக்கிட்டா போவேன்?”

படி சுட்டது. நன்றாகவே சுட்டது. பட்டுப்புடவைக் கொசுவத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அவள் ஏறினதை ஏறினாள் என்று சொல்ல முடியாது. எண்ணெய்ச் சட்டியில் விழுந்த கடுகு மாதிரி மேலே போனாள். பின்னால் சிவநாதன் தாம்பாளத்தைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு, பழம் உருளாமல் பார்த்துக்கொண்டு போனார். ழோர்ழ் பிரான்ஸ் தொப்பியும் கையில் மலையேறும் தடியுமாக, “மூக்கால இழுத்து வாயால விடணும், அவசரப்படக் கூடாது” என்று எல்லாருக்கும் பாடம் சொன்னார். பாதிப் படியில் தடியை ஊன்றி நின்றுவிட்டார். வாயால் விட்டதெல்லாம் திரும்ப வரவில்லை. பட்டாணி விற்கிற அம்மாள் ஒருத்தி அவரைத் தாண்டி, கூடையோடு, வெற்றிலையைக் குதப்பிக்கொண்டு ஏறிப் போனாள்.

உச்சியில் காற்று அள்ளிக்கொண்டு போயிற்று. கிழக்கே கடல். ஆறு கடலில் விழுகிற இடத்தில் விசைப்படகுகள் ஒன்றுக்கொன்று முதுகைக் காட்டிக்கொண்டு நின்றன. தெற்கே, வெகு தூரத்தில், கீழவாஞ்சூர்த் துறைமுகத்து கிரேன்கள் கொக்கு மாதிரி. மேற்கே பச்சை. நீலாயதாட்சி எதையும் பார்க்கவில்லை. முதல் பெஞ்சில் முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்த தலையைத்தான் பார்த்தாள். நாலு வருஷத்தில் பின்மண்டையில் வழுக்கை விழுந்துவிட்டது.

பஞ்சநாதன் எழுந்து நின்றான். வேட்டி சட்டையெல்லாம் புதுசு. ஆனால் பேசவில்லை. அவளும் பேசவில்லை. சத்திய விஷயத்தில் அவள் ஒரு அடி தப்பாக வைக்க மாட்டாள். முதலில் மண் எது என்று நிச்சயமாகத் தெரிய வேண்டும். வேலி ஓரம் மழையில் செம்மண் கரைந்து, செங்கல்லும் காரையுமாக வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. குனிந்து, நீலச் சுண்ணாம்பு அடித்த ஒரு காரைத் துண்டை எடுத்தாள்.

“ஏங்க, இது எங்கம்மா அடுப்படிச் சுவருன்னு அவன்கிட்டச் சொல்லுங்க.”

சிவநாதன் திரும்பினார். “மாப்பிள்ளே, இது அடுப்படிச் சுவராம்.”

“அத்தான், நம்ம அடுப்படி பச்சைன்னு சொல்லுங்க.”

“பச்சைங்கிறான்.”

“காதுல விழுந்துச்சு. பச்சை பொங்கலுக்கு அப்புறம் அடிச்சது, அதுக்கு முன்னால நீலம்னு சொல்லுங்க.”

“எந்தப் பொங்கல்னு கேளுங்க அத்தான்.”

நடுவில் நின்ற சிவநாதன் கழுத்து வலிக்கிறது என்று பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். அந்த நேரம் பார்த்து, மூச்சும் திரும்பி, ழோர்ழ் மேலே வந்து சேர்ந்தார். தனியாக வரவில்லை. கீழே இளநீர் வண்டியோடு நின்ற நவநீதனையும் இழுத்து வந்தார். டிராக்டரை விற்றுவிட்டு இப்போது இளநீர் வெட்டுகிறான்.

“இதோ, கொட்டின ஆளே வந்தாச்சு. ஏம்ப்பா, பட்டினத்து வீட்டு லோடை எந்தப் பக்கம் கொட்டினே? அம்மா அங்கதான் நிக்கணுமாம்.”

நவநீதன் தலையைச் சொறிந்தான். “எந்த வீடுங்க?”

“பெருமாள் கோயில் தெரு, உத்திரம் உளுத்த வீடு.”

“அதா? அது இங்க வரலீங்களே.”



“வரலியா?” என்றாள் நீலாயதாட்சி.

“இல்லம்மா. அது அஞ்சு லோடும் கோட்டுச்சேரியில உங்க கொல்லையிலதானே கொட்டினேன்? மழைக்குத் தண்ணி நிக்குதுன்னு மேடு தூக்கினாங்களே. லைன்மேன் ஐயாதான் கிட்ட நின்னு கொட்டச் சொன்னாங்க. நீங்க அன்னைக்கு ஊர்ல இல்ல போலிருக்கு.”

நீலாயதாட்சி மெல்லத் திரும்பினாள். சிவநாதன் தாம்பாளத்தை மார்போடு அணைத்துக்கொண்டார்.

“பள்ளிக்கூடத்துச் சுவரு இடிச்ச கல்லுன்னு சொன்னீங்க.”

“சொன்னேன்.”

“நாலு வருஷமா அதுமேலதான் நான் பாத்திரம் தேய்ச்சேன். அதுலதான் முருங்கை வச்சேன்.”

“நல்லாத்தானே காய்க்குது...”

“நிறுத்துங்க! அங்க நின்னுதானே தினம் இவனைத் திட்டினேன்?”

“அதனாலதான் நான் ஒண்ணும் சொல்லல” என்றார் சிவநாதன், பரிதாபமாக. “அம்மா வீட்டு மண்ணுல நின்னுதானே பேசுறே, சத்தியம் சரியாத்தானே நடக்குதுன்னு விட்டுட்டேன். சொல்லக் கூடாதுன்னது நான் இல்ல. உன் தம்பி. அக்கா வீட்டுலயே அம்மா வீடு கிடக்கட்டும் அத்தான், ஆனா கோபம் ஆறுற வரைக்கும் சொல்லாதீங்க, அள்ளி வெளிய போட்டுடுவா அப்படின்னான்.”

நீலாயதாட்சி சடாரென்று தம்பி பக்கம் திரும்பினாள்.

“ஏன்டா, இங்க இல்லைன்னு உனக்குத் தெரியும்ல? தெரிஞ்சே எதுக்குடா இந்த வெயில்ல ஏறி வந்து உட்கார்ந்திருக்கே?”

பஞ்சநாதன் வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டான். “நீ பேசுவேன்னு உமா சொன்னா. அதான் வந்தேன்.”

அப்போதுதான் எல்லாருக்கும் உறைத்தது. உமாமகேஸ்வரி வாயைப் பொத்திக்கொண்டாள். நீலாயதாட்சி பேசிவிட்டாள். யாரோ ஒருத்தருடைய வீட்டு மண்ணில், யாரோ ஒருத்தருடைய நீலச் சுவரைக் கையில் வைத்துக்கொண்டு, நேருக்கு நேராகத் தம்பியிடம் பேசிவிட்டாள். ஆயுசில் முதல் தடவையாக ஒரு சத்தியம் உடைந்து, அதுவும் அம்மா மேல் செய்தது, காலடியில் கிடந்தது.

“பரவாயில்லம்மா” என்று ழோர்ழ் அவசரமாக ஆரம்பித்தார். “இது தெரியாமப் பேசினது. கணக்குல வராது. பிரான்ஸ்ல...”

“கொல்லையிலேர்ந்து ஒரு பிடி மண்ணு எடுத்துக்கிட்டு வந்துடறேன்” என்றார் சிவநாதன். “காலடியில போட்டுக்கிட்டு முதல்லேர்ந்து பேசு. சரியாப் போயிடும். வேன் கீழதானே நிக்குது?”

நல்ல சந்துதான். அவள் வேலைப்பாட்டுக்கு ஈடான சந்து. நீலாயதாட்சி அதைக் கொஞ்ச நேரம் யோசிக்கக்கூடச் செய்தாள். பிறகு கையிலிருந்த காரைத் துண்டைக் கீழே போட்டுவிட்டுப் புடவையில் கையைத் துடைத்தாள்.

“சும்மா இருங்க எல்லாரும். நீ சொல்லுடா. அன்னைக்கு என்கிட்ட ஏன் சொல்லலை?”

பஞ்சநாதன் வேலிக் கம்பியை விட்டுவிட்டு அவள் பக்கம் திரும்பினான். “நீ விளக்கோட வந்து நின்னிருந்தா, என்னால இடிக்க முடிஞ்சிருக்காதுக்கா. ஆள் வந்தாச்சு, கடப்பாரை வந்தாச்சு. நீ வர்றதுக்குள்ள முடிச்சிடணும்னு நான்தான் அவங்களை விரட்டினேன். முடிச்சுட்டு, அந்தக் குவியல் மேலயே உட்கார்ந்து அழுதுக்கிட்டிருந்தேன். நீ வந்தே. வந்ததும் சத்தியம் பண்ணிட்டே. நான் எங்கே பேசுறது?”

நீலாயதாட்சி சிவநாதன் கையிலிருந்து தாம்பாளத்தைப் பிடுங்கினாள். ஒரு பழம் உருண்டு வேலிக்கு அந்தப் பக்கம் போயிற்று. பத்திரிகையை மேலே எடுத்து வைத்து நீட்டினாள். காற்றில் வெற்றிலை படபடவென்று அடித்துக்கொண்டது.

“அம்மாகிட்ட நான் போய்ச் சேர்ற அன்னைக்குப் பதில் சொல்லிக்கிறேன்” என்றாள். “உமாவுக்கு ஆவணியில கல்யாணம். வந்து நடத்திக் குடு.”

பஞ்சநாதன் தோளிலிருந்த துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, இரண்டு கையாலும் வாங்கினான். “நடத்திக் குடுக்கிறேன்” என்று முறைப்படி சொன்னான். சொன்னவன் அத்தோடு நிறுத்தியிருக்கலாம். “சாப்பாடு மட்டும் அந்த நெடுங்காட்டு ஆளை வச்சுப் போடாதே. வத்தக்குழம்புல உப்பே போட மாட்டான்” என்றான்.

“எவன்டா சொன்னான் உப்புப் போட மாட்டான்னு? என் வளைகாப்புக்கு யாரு சமைச்சா? அன்னைக்கு மூணு தரம் குழம்பு கேட்டு வாங்கினது யாரு?”

“அது அவங்க அப்பா. இது மகன்.”

“மகனுக்கு அப்பன் கைப்பக்குவம் வராதா? நீ மட்டும் நம்ம அப்பா மாதிரியே பிடிவாதம் பிடிக்கலியா?”

படி இறங்கத் தொடங்கினார்கள். பந்திக்கு எத்தனை இலை, நாதஸ்வரம் யார், மாயவரத்துச் சம்பந்தி எப்படிப்பட்ட மனுஷர், பஞ்சநாதன் பெண்டாட்டி ஏன் கூட வரவில்லை என்று நீலாயதாட்சி ஒன்று மாற்றி ஒன்று பேசிக்கொண்டே போனாள். பஞ்சநாதனுக்கு ‘ம்’ போட மட்டும் இடம் கிடைத்தது. பின்னால் வந்த ழோர்ழ் சிவநாதன் தோளைத் தட்டி, “பார்த்தீங்களா, நான் சொன்ன மலை வேலை செஞ்சுதா இல்லியா?” என்றார். சிவநாதனோ, வீட்டுக்குப் போனதும் தனக்கு என்ன காத்திருக்கிறதோ என்ற கவலையில், ஒவ்வொரு படியாக, கம்பத்திலிருந்து இறங்குகிற ஜாக்கிரதையோடு இறங்கிக்கொண்டிருந்தார்.